கோத்தகிரி பள்ளியில் தோல் நல முகாம்: 45 நிமிஷத்தில் முகப்பரு பற்றி எதைச் சொல்வது?

டீச்சர்_கோத்தகிரி எழுதியது:

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தோல் நல விழிப்புணர்வு முகாம் வைக்கிறோம். கோவையிலிருந்து தோல் மருத்துவர் ஒருவர் வருகிறார். 9 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 45 நிமிஷப் பேச்சு. அதன் பிறகு 3 மணி நேரம் ஒவ்வொருவராகப் பார்ப்பார். பக்கத்து ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பெற்றோரும் வருவார்கள்.

டாக்டர் அனுப்பிய படங்களில் வெயில், வியர்வை, வியர்க்குரு என்று கீழ்நாட்டுக்கு ஏற்றதுதான் அதிகம். இங்கே பிள்ளைகள் நாள் முழுக்கக் குல்லா போட்டிருக்கிறார்கள். பரு வந்தால் தைலம் (யூக்கலிப்டஸ் எண்ணெய்) தடவுகிறார்கள். மெடிக்கலில் பேர் சொல்லி வாங்கிய வெள்ளைக் கிரீமைச் சில மாணவிகள் மாதக்கணக்கில் போடுகிறார்கள். லைன் வீடுகளில் குடும்பத்தோடு அரிப்பு. பேச்சில் எதை வைக்கலாம், எதை விடலாம்? முகாம் நாளில் எதெல்லாம் கெட்டுப்போகும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


தோல்மருத்துவர்_மேட்டுப்பாளையம் எழுதியது:

டீச்சர், 45 நிமிஷத்தில் பத்து நோயைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் படங்கள்தான் ஞாபகம் இருக்கும். பேச்சு முழுவதையும் முகப்பருவுக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு விஷயம் பதிந்தால் போதும். பருவுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும் மருந்து) கலந்த கிரீமைப் பருவுக்குப் போடவே கூடாது. முதலாவது தெரியாததால்தான் இரண்டாவது நடக்கிறது. சரியான மருந்தைப் பத்து நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று தூக்கிப் போடுகிறார்கள். பிறகு, மூன்றே நாளில் முகத்தை மழமழவென்று ஆக்கும் டியூபுக்குப் போய்விடுகிறார்கள்.

கரும்பலகையில் ஒரு மயிர்க்காலை வரைந்து தொடங்கச் சொல்லுங்கள். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும்போது மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி பெரிதாகிறது. உள்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகுகிறது, வீக்கம் வருகிறது, சீழ் கோக்கிறது. கரும்புள்ளியில் தெரியும் கருப்புக்கும் அழுக்குக்கும் சம்பந்தமே இல்லை. அடைப்பில் உள்ள மெலனினும் கொழுப்பும் காற்றுப் பட்டுக் கருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, தேய்க்கத் தேய்க்க வீக்கம்தான் கூடும். முகம் கழுவுவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மிதமான சோப்போ ஃபேஸ்வாஷோ, வெதுவெதுப்பான தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம்.

மருந்து போடும் முறையைக் கையில் செய்து காட்டினால்தான் பிடிபடும். அடபலீன் 0.1 சதவீத ஜெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் முகம் கழுவி, துடைத்து, 20 நிமிஷம் நன்றாகக் காயவிட வேண்டும். ஒரு பட்டாணி அளவு ஜெல் மொத்த முகத்துக்கும் போதும். நெற்றியில் ஒரு புள்ளி, இரு கன்னத்திலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் படக்கூடாது. எல்லாரும் செய்யும் தப்பு, பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது. இந்த மருந்தின் வேலையே இனி வரப்போகும் அடைப்பைத் தடுப்பதுதான். தெரியும் பருவுக்கு மட்டும் வைத்தால் பக்கத்தில் புதிது கிளம்பிக்கொண்டே இருக்கும். முதல் 2, 3 வாரம் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடவும் செய்யும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

மலைக்கு ஒரு திருத்தம் உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே காற்றில் ஈரம் குறைவு, குளிக்கும் வெந்நீரோ கொதிக்கக் கொதிக்க. கோவையில் தினமும் தாங்கும் ஜெல், கோத்தகிரியில் மூன்றாம் நாளே முகத்தை எரிய வைக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் தினமும். முதலில் ஈரப்பதக் கிரீம், அதன் மேல் ஜெல் என்று போட்டாலும் மருந்து வேலை செய்யும்.

சிவந்த, சீழ் வைத்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு சேர்ப்பார்கள். 2.5 சதவீதமே போதும். அந்த வகைப் பருவுக்கு 10 சதவீதமும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தருகிறது, எரிச்சல்தான் அதிகம். துணியை வெளுக்கும் மருந்து, யூனிஃபார்ம் ஸ்வெட்டர் கழுத்தில் பட்டால் கறை போகாது. கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், அதோடு பென்சாயில் பெராக்சைடு இருக்க வேண்டும். இவையெல்லாம் சீட்டு எழுதி வாங்க வேண்டியவை. பேச்சின் நோக்கம் பிள்ளைகள் தாங்களாக வாங்குவது அல்ல, எழுதிக் கொடுத்ததைச் சரியாகப் போடுவது.

குல்லா பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்திருக்கும், சூடு காட்டி உருக்கித் தலை நிறையத் தடவி, மேலே கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டால் எண்ணெய், உராய்வு, புழுக்கம் மூன்றும் நெற்றியில் சேர்கின்றன. குல்லா ஓரம் உட்காரும் அதே கோட்டில் சின்னச் சின்னப் பொரிகள் வரும். எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடலாம், குல்லாவை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். அந்தப் பொரிகள் எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு இருந்தால் மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். சாதாரணப் பரு அவ்வளவாக அரிக்காது. அதற்கு மருந்தே வேறு.

கட்டி கட்டியாக ஆழத்தில் வலிக்கும் பரு, குழி விழ ஆரம்பித்த பரு, மார்பிலும் முதுகிலும் பரவியது, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் தாடையில் முடியோடு வரும் பரு, இந்த நாலையும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். பருவால் பள்ளிக்கு வராமல் இருக்கும் பிள்ளை, போட்டோவுக்கு நிற்க மறுக்கும் பிள்ளை என்றால் பரு எத்தனை என்று எண்ணாமல் அவர்களையும் முதலில் அனுப்புங்கள். பரு ஆறிய இடத்துக் கருமை மாதக்கணக்கில் மங்கும், அது நிரந்தர வடு இல்லை என்ற ஒரு வாக்கியமே பல பேருக்கு நிம்மதி.

"பருவுக்கு எதற்கு முகாம்" என்று யாராவது கேட்டால், 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையே தோல் நோய்களைப் பொது சுகாதார முன்னுரிமையாகத் தீர்மானம் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.


மருந்துக்கடை_குன்னூர் எழுதியது:

டாக்டர் சொன்ன ஸ்டீராய்டு விஷயத்துக்கு நடைமுறையா ஒண்ணு சொல்றேங்க. முகாம் நோட்டீஸ்லயே "இப்ப முகத்துக்கும் உடம்புக்கும் போடற எல்லா டியூபையும் கையோட கொண்டு வாங்க" அப்படின்னு போட்டுருங்க. பேர் கேட்டா யாருக்கும் தெரியாது, "வெள்ளை டியூப், பச்சை மூடி"ன்னுதான் சொல்லுவாங்க. டியூப் கையில இருந்தா பின்பக்கம் படிச்சு ரெண்டு நிமிஷத்துல விளக்கிரலாம்.

பிராண்ட் பேரைப் பார்க்காதீங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிக்கச் சொல்லிக் குடுங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், குளோபீட்டசால், ஃபுளூசினோலோன் இதெல்லாம் ஸ்டீராய்டு. இதுல ஒரு குழப்பம் வரும். கீட்டோகோனசோல், குளோட்ரிமசோல், லுலிகோனசோல் இதெல்லாம் பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு கிடையாது. கடைசி எழுத்தை வெச்சுக் கண்டுபிடிக்கறேன்னு போனா குளோபீட்டசாலையும் இதோட சேர்த்துருவாங்க. அஞ்சு பேரையும் சார்ட்டுல பெருசா எழுதி மாட்டறதுதான் சரி.

"வெள்ளையாக்கற கிரீம்"னு கேட்டு வாங்கறதுல பெரும்பாலும் மூணு மருந்துக் கலவைதாங்க இருக்கும்: ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். மங்குக்கு (முகத்துல வர்ற கருந்திட்டு) டாக்டர் சில வாரத்துக்குன்னு கணக்குப் பண்ணி எழுதற மருந்து அது. பதினாலு வயசுப் பிள்ளை ஃபேஸ் கிரீம் மாதிரி தினமும் போடறதுக்கு இல்ல. 2018-ல மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. சீட்டு கேக்கற கடைக்காரர் மேல கோபப்பட வேண்டாம்னு பெத்தவங்ககிட்ட சொல்லுங்க.

இன்னொரு வகை, படர்தாமரைக்குன்னு விக்கற நாலஞ்சு மருந்துக் கலவை. குளோபீட்டசால், ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்துன்னு எல்லாம் ஒரே டியூப்ல. அரிப்பு ரெண்டு நாள்ல அடங்கிரும், பூஞ்சை உள்ள பரவிட்டே இருக்கும், ஓரம் மங்கிப் போறதால டாக்டருக்கே அடையாளம் தெரியாது. விட்டதும் ரெண்டு மடங்கா கிளம்பும். சுத்தமான பூஞ்சை மருந்தை, தெரியற வட்டத்துக்கு வெளிய 2 சென்டிமீட்டர் வரைக்கும் சேர்த்துப் போடணும், தோல் தெளிஞ்ச பிறகும் 2 வாரம் விடாம போடணும். மழைக் காலத்துல துணி காயாம ஈரத்தோட போடறது இங்க பெரிய பிரச்னை. உள்ளாடையை இஸ்திரி போட்டு உடுத்தச் சொல்லுங்க. கம்பூட்ஸ் போட்டுத் தோட்ட வேலைக்குப் போறவங்களுக்கு விரலிடுக்குல சேத்துப்புண் வர்றதும் இதே ஈரத்தாலதான், சாயங்காலம் விரலிடுக்கைத் துணியால துடைச்சு உலரவிடணும்.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. மாசக்கணக்குல ஸ்டீராய்டு போட்ட பிள்ளைகிட்ட "இன்னிக்கே தூக்கிப் போடு"ன்னு மேடையில சொல்லி அனுப்பிறாதீங்க. நிறுத்தின சில நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள முகம் செவந்து, எரிஞ்சு, பரு கொத்துக் கொத்தா வரும். பயந்து போய் மறுபடி அதே டியூபை வாங்குவாங்க. இவங்களை டாக்டர்கிட்டத் தனியா உக்கார வெச்சு, எப்படிக் குறைக்கணும், நடுவுல எரிச்சலுக்கு என்ன போடணும்னு எழுதிக் குடுத்து அனுப்பணும்.


செவிலி_கூடலூர் எழுதியது:

டீச்சர், முகாம் ஏற்பாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

3 மணி நேரம் என்றால் 180 நிமிஷம். ஆளுக்கு 3 நிமிஷம் வைத்தாலும் 60 பேருக்கு மேல் முடியாது, உண்மையில் 45 பேர் பார்த்தாலே நல்ல முகாம். முந்தின வாரமே வகுப்பாசிரியர் மூலம் டோக்கன் கொடுத்துவிடுங்கள். டோக்கன் பின்னாலேயே வயது, எத்தனை மாதமாக இருக்கிறது, என்ன போட்டார்கள், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா, இந்த நாலையும் நிரப்பி வாங்கிவிட்டால் டாக்டருக்குப் பாதி நேரம் மிச்சம். மாணவிகள் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேர் எழுதாத சீட்டுப் பெட்டி ஒன்றை மூன்று நாள் முன்பே வைத்து, அதிலிருந்து டாக்டர் படித்துப் பதில் சொல்லட்டும்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஜனவரி காலையில் மூட்டம் போட்டால் வகுப்பறை இருட்டாகிவிடும், மஞ்சள் பல்பில் சிவப்பும் தெரியாது, வெளிறிய தேமலும் தெரியாது. கிழக்குப் பார்த்த சன்னல் அறை, ஒரு வெள்ளை எல்இடி விளக்கு, ஒரு டார்ச். பவுடர், கிரீம் எல்லாம் கழுவிவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் வாளியும் கப்பும் வாசலில் இருக்கட்டும். திரைச்சீலை, மாணவிகளைப் பார்க்கும்போது ஒரு பெண் ஊழியர், பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதம், இவை இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளைகள் முகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது கூடவே கூடாது. வைத்தியத்துக்கு முன், வைத்தியத்துக்குப் பின் என்று பருப் படம் போட்டால் அடுத்த முகாமுக்கு ஒரு பிள்ளையும் வராது. மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பேனர் துணியில், மருந்து காகிதப் பையில்.

லைன் வீட்டு அரிப்பு பெரும்பாலும் சிரங்குப் பூச்சியாகத்தான் இருக்கும். ராத்திரியில் கூடும், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு மடிப்பில் பொரி இருக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமை கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நக இடுக்கு விடாமல் தடவி, 8 முதல் 12 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் ஆகும், ஒரு டியூபை நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் குணமாகாது. கைக்குழந்தை என்றால் தலைக்கும் முகத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள், எப்படி என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். இங்கே வெந்நீரில் குளித்துச் சூடு ஆறுவதற்குள் தடவுகிறார்கள், உடம்பு ஆறி உலர்ந்த பிறகே போட வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி போட வேண்டும், அங்கேதான் பூச்சி அதிகம். 7-ஆம் நாள் இன்னொரு தடவை. அரிப்பு இல்லாதவரும் சேர்த்து வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி. பிள்ளைகள் கலந்து தூங்கும் பக்கத்து லைன் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். அது மருந்து பலிக்காததால் இல்லை, செத்த பூச்சியின் மிச்சத்துக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு.

துணி விஷயத்தில் கீழ்நாட்டில் சொல்வதை அப்படியே இங்கே சொல்லாதீர்கள். துணியை 3 நாள் கட்டி வைத்தால் பூச்சி செத்துவிடும் என்பது வெப்பமான ஊருக்குப் பொருந்தும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் அது இன்னும் பல நாள் தாங்கும். கொதிநீரில் ஊறவைத்துத் துவைப்பது, தையல் மடிப்பு வரை இஸ்திரி போடுவது, இரண்டும் உறுதியான வழி. துவைக்க முடியாத கம்பளி, ரக்கு எல்லாவற்றையும் மூடியுள்ள டிரங்குப் பெட்டியில் 2 வாரம் எடுக்காமல் வைக்கலாம்.

ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு நாள் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்களும் அந்த வாரம் களத்தில் இருப்பார்கள், கூப்பிடுங்கள். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. உணர்ச்சி இல்லை என்றால் அங்கேயே பதிவு, கூட்டு மருந்து முழுக்க இலவசம்.


டீச்சர்_கோத்தகிரி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. டியூபைக் கொண்டுவரச் சொல்லி இன்றே நோட்டீஸ் மாற்றுகிறோம். இன்னும் மூன்று சந்தேகம். மூட்டம் போட்ட நாளில் சன்ஸ்க்ரீன் தேவையா? தைலம் தடவுவதை எப்படி நிறுத்துவது, இங்கே அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கன்னம் சிவந்திருக்கும், கிரீமால் வந்த சிவப்பை எப்படிப் பிரித்துச் சொல்வது?


தோல்மருத்துவர்_மேட்டுப்பாளையம் எழுதியது:

உயரம் 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மெல்லிய மேகம் அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை விட்டுவிடும். குளிர் இருப்பதால் சுடுவது தெரியாது, அவ்வளவுதான். அடபலீன் போடுகிறவர்களுக்கும் பரு ஆறிய கருமை உள்ளவர்களுக்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், ஜெல் வகை, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு. விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. வாங்க வசதியில்லாத பிள்ளையிடம் அதைத் திணிக்க வேண்டாம், அகலமான விளிம்புத் தொப்பியும் குடையும் நன்றாகவே காக்கும்.

தைலத்தைக் கெட்டது என்று பேசினால் வீட்டுப் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். சளிக்கு ஆவி பிடிப்பதும் முட்டி வலிக்குத் தேய்ப்பதும் அவர்கள் பழக்கம், அதில் கை வைக்காதீர்கள். முகத்துக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கலக்காத யூக்கலிப்டஸ் எண்ணெய் பருவின் மேல் பட்டால் தோல் வெந்துபோகும், பரு ஆறினாலும் அந்த வெந்த இடம் மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். எலுமிச்சை, பற்பசை, சமையல் சோடாவுக்கும் இதே பதில். கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவவே கூடாது, சிறு பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரலாம், ஆகவே பாட்டில் உயரத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் தாய்மார்கள் நிமிர்ந்து கேட்பார்கள்.

கன்னச் சிவப்புக்கு எளிய வழி, பிள்ளையை உள்ளே உட்கார வைத்து கால் மணி நேரம் பொறுப்பது. குளிரில் வந்த சிவப்பு கதகதப்பான அறையில் தணிந்துவிடும். ஸ்டீராய்டுச் சிவப்பு அப்படியே நிற்கும், வெயிலில் போனால் எரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்க் கோடுகள், கன்னத்தில் புதிதாக மென்முடி, ஒரே அளவுப் பொரிகள், காகிதம் போல மெலிந்த தோல், இதில் இரண்டு இருந்தாலே டியூபைக் கேளுங்கள். "ஆப்பிள் கன்னம், ஆரோக்கியம்" என்று வீட்டில் கொஞ்சுவதால் இந்தப் பாதிப்பு மலையில் தாமதமாகத்தான் வெளியே வருகிறது.


செவிலி_கூடலூர் எழுதியது:

மறுபரிசோதனைத் தேதியை முகாமுக்கு முன்பே குறித்துவிடுங்கள். ஜனவரி கடைசியில் மருந்து தொடங்கினால் 12 வாரம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில்தான் முடியும், அப்போது தேர்வு, அதன்பின் விடுமுறை. ஆகவே முதல் பார்வையைப் பிப்ரவரி கடைசியில் வையுங்கள். எரிச்சலால் நிறுத்தியவர்களையும் பட்டாணி அளவைத் தாண்டிப் போட்டவர்களையும் அப்போது பிடித்துவிடலாம். டாக்டர் மலையேற முடியாவிட்டால் இ-சஞ்சீவனியில் (அரசின் தொலை மருத்துவச் சேவை) காட்டலாம், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் பெற்றோர் கைப்பேசியிலேயே இருக்கட்டும். ஸ்டீராய்டை நிறுத்துகிற பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டாம் வாரமே ஒரு போன். பலன் பார்ப்பது ஜூனில் பள்ளி திறந்ததும்.